வடக்கு வாசல் வைத்த நாய்க்கூண்டு

குவைத்தில் குளிர் உண்டு என்று நான் சொன்னால் என் மைத்துனர் இன்றும் சிரிப்பார். பாலைவனத்தில் ஏது குளிர் என்பது அவர் கட்சி. ஊரை விட்டுப் புறப்படும்வரை நானும் அதே கட்சிதான். வீட்டில் கட்டாயப்படுத்திப் பெட்டியில் வைத்த ஸ்வெட்டரை எடுத்து வெளியே போட்டுவிட்டு, அந்த இடத்தில் தடித்த ரஷ்ய நாவல்களின் ஆங்கில மொழிபெயர்ப்புகளை அடுக்கிக்கொண்டு போனவன் நான். அந்தப் பக்கங்களில் எல்லாம் பனி கொட்டியது. போர்த்திக்கொள்ள ஒன்றுகூட உதவவில்லை.

எழுபதுகளின் நடுவில், ஃபஹாஹீலுக்குத் தெற்கே, எண்ணெய்க் குழாய்களை மலைமலையாக அடுக்கி வைத்திருந்த ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியின் யார்டில் எனக்கு டைம்கீப்பர் வேலை. யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று எழுதுவது. யாரும் எங்கும் போக முடியாத இடத்தில் அதை எழுத ஓர் ஆள் எதற்கு என்று நானே யோசித்ததுண்டு. யோசிப்பதற்குச் சம்பளம் இல்லை என்பதால் விட்டுவிட்டேன்.

யார்டின் ஓரத்தில் எங்கள் கேம்ப். தகரமும் அட்டையும் சேர்ந்த அறைகள். ஒவ்வொன்றிலும் எட்டுப் பேர், கட்டிலுக்கு மேல் கட்டில். சமையலும் அதே அறையில்தான், வாசலோரம் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பில். வெயில் காலத்தில் அடுப்பை வெளியே தூக்கி வைத்துவிடலாம். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து ஷமால் காற்று மணலோடு கிளம்பினால் வெளியே அடுப்பு நிற்காது, ஆளும் நிற்க முடியாது. கதவைச் சாத்தி, ஜன்னல் இடுக்கில் துணி அடைத்து, உள்ளே குழம்பு கொதிக்கும். எட்டுப் பேரும் குழம்போடு சேர்ந்து கொதிப்போம்.

எங்கள் அறையில் பட்டுக்கோட்டைப் பக்கத்து வெல்டர் ஒருவர் இருந்தார். எங்கள் எல்லாருக்கும் மூத்தவர், எல்லாருக்கும் அண்ணன். அவருக்கு இழுப்பு. பகலெல்லாம் வெல்டிங் புகை, ராத்திரி மண்ணெண்ணெய்ப் புகை. படுத்தால் மூச்சு ஏறாது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவார். அடுத்த கோடைக்கு முன் அவருடைய விசாவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு மெடிக்கல் உண்டு. டாக்டர் மார்பில் குழலை வைத்துக் கேட்பார். கேட்கக்கூடாத சத்தம் கேட்டால் கலாஸ், கதை முடிந்தது, ஊருக்கு டிக்கெட். ஊரில் அவரை நம்பி இரண்டு தங்கைகள் கல்யாணத்துக்கு நின்றார்கள். ஆகவே அவருக்கு வேண்டியது மருந்தல்ல. புகை இல்லாமல் படுக்க ஓர் இடம். அடுப்பை அறையிலிருந்து வெளியேற்ற ஒரு சின்னச் சமையல் கொட்டகை போட்டால் போதும்.

கேம்ப் பாஸ் நம் ஆள்தான், மெட்ராஸ்காரர். ஃபஹாஹீலில் மனைவி குழந்தைகளோடு ஃபிளாட்டில் இருந்தார். நான்தான் அறையின் சார்பாகப் போய்க் கேட்பேன்.

"கிச்சனா? மரம் மாஃபிப்பா" என்பார். "எனக்கு இஷ்டம் இல்லன்னு நினைக்காத. மரம் வரட்டும், பாக்கலாம்."

மாஃபி என்றால் அரபியில் இல்லை. போன குளிருக்கும் மரம் மாஃபி. இந்தக் குளிருக்கும் மாஃபி.

அப்போதுதான் நாய்கள் வந்தன.

யார்டில் செம்புக் கம்பி களவு போய்க்கொண்டிருந்தது. கம்பெனி இங்கிலாந்திலிருந்து நான்கு அல்சேஷன் நாய்களை விமானத்தில் வரவழைத்தது. நாங்கள் பம்பாயிலிருந்து கப்பலில், அறை இல்லாமல் மேல்தளத்தில் பாய் விரித்து வந்தவர்கள் என்பதை இங்கே சொல்லி என்ன ஆகப்போகிறது. நாய்களோடு அவற்றைப் பழக்க ஒரு வெள்ளைக்காரரும் வந்தார். முன்பு போலீஸில் இருந்தவராம். அதிகம் பேசமாட்டார். பேசினால் நாய்களிடம் பேசுவார். கிறிஸ்துமஸ் லீவில் ஊருக்குப் போகும்போது கேம்ப் பாஸிடம் ஒன்றே ஒன்று சொல்லிவிட்டுப் போனார்: நாய்கள் வெளியில்தான் இருக்கவேண்டும், ஆனால் குளிர் தாக்கக்கூடாது, நான் திரும்புவதற்குள் நல்ல கூண்டுகள் தயாராகட்டும்.

மறுநாளே லாரியில் மரம் வந்து இறங்கியது. பலகை, பிளைவுட், ரீப்பர், ஆணிப் பெட்டி எல்லாம். கேம்ப் பாஸ் என்னைக் கூப்பிட்டார்.

"நீதான் இங்கிலீஷ் புஸ்தகமா படிக்கிறவனாச்சே. இதுங்க இங்கிலீஷ் நாய். நீயே கூடயிருந்து பாத்துக்க."

"சார், மிச்ச மரத்துல எங்க கிச்சன்..."

"மிச்சமிருந்தா போட்டுக்கோ. யாரு வேணாங்கறா?"

நாயைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், கடித்தால் தொப்புளைச் சுற்றி ஊசி என்பது மட்டும்தான். எங்கள் கார்ப்பென்டருக்கு அதுவும் தெரியாது. அவர் திருநெல்வேலிக்காரர். ஊரில் வீடு கட்டும் தச்சர். இங்கே வந்து கான்கிரீட்டுக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தார். நெடுநாளாகக் கைக்கு ஒரு வீடு கிடைக்கவில்லை என்ற ஏக்கம் அவருக்கு இருந்திருக்கவேண்டும். மரத்தைத் தடவிப் பார்த்தவர், காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு என்னிடம் கேட்டார்:

"நீளம் அகலம் என்ன வைக்கலாம் வே?"

"நாய்க்குத் தகுந்த மாதிரி ஒரு நாலடி..."

"நாலடியா?" பென்சில் காதிலிருந்து இறங்கியது. "நாலு சுவரும் ஒரு கூரையும் வந்துட்டா அது மனைதான் வே. மனைன்னா கணக்கு உண்டு. கணக்கே ஆறடியிலதான் ஆரம்பிக்குது. அதுக்குக் கீழ சாஸ்திரத்துல இடமே கிடையாது. ஆறு நன்மை. ஏழு தரித்திரம். எட்டு நெனச்சது நடக்கும். ஆறுக்கு எட்டு போடுதேன். கேட்டுக்கிடும்."

"நாய் என்ன நினைக்கும், என்ன நடக்கும்?"

"நாய் நெனைக்காட்டா பரவாயில்ல. கட்டினவன் கைக்கு தோஷம் வரும்லா?"

நான் பகுத்தறிவுக்காரன். கல்லூரியில் இதைப் பற்றி மேடையேறிப் பேசிப் பரிசாக எவர்சில்வர் டம்ளர் வாங்கியிருக்கிறேன். இருந்தும் தலையாட்டினேன். காரணம் சாஸ்திரம் அல்ல. எட்டுப் பேர் ஓர் அறையில் புரளும் எங்களுக்கு, சுகம் என்றால் இடம். கையை நீட்டினால் இன்னொருவன் மூக்கில் இடிக்காத நிலைமைக்குப் பெயர்தான் வசதி. எங்களுக்கு இல்லாதது அதுதான் என்பதால், நாய்களுக்கு அதை வாரி வழங்கினோம்.

வாசல் எந்தப் பக்கம் என்ற கேள்விக்கு அவரிடம் பதில் ரெடியாக இருந்தது.

"வடக்கு. குபேரன் பாக்குற திசை."

குபேரனோடு ஷமாலும் அங்கிருந்துதான் பார்க்கும் என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. அத்தனை குளிர்களில் அத்தனை இரவு அதே காற்றை ஜன்னல் இடுக்கில் துணி வைத்து அடைத்த கைகள்தான் எங்களுடையவை.

ஆறுக்கு எட்டு, ஆள் நிமிர்ந்து நிற்கும் உயரம், காற்றோட்டத்துக்கு ஒரு ஜன்னல், நிலைப்படி, அதில் சாமி பெயர் எழுதாததுதான் பாக்கி. வெல்டர் டியூட்டி முடிந்து வரும்போதெல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போவார். கூண்டை அல்ல, குறைந்துகொண்டே வரும் மரக்குவியலை.

"என்ன தம்பி, நமக்கு மிஞ்சுமா?"

"மிஞ்சும்ணே."

நான்காவது கூண்டு முடிந்தபோது மரத்தூள் மிஞ்சியது.

"மன்னிச்சுக்கிடும் அண்ணாச்சி" என்றார் கார்ப்பென்டர். "வேலன்னு வந்துட்டா கணக்குக் கொறைக்க முடியல."

வெல்டர் கோபப்படவில்லை. கோபப்பட மூச்சு வேண்டும். "நாயாவது நல்லா இருக்கட்டும்" என்றார். அதில் வாழ்த்து எவ்வளவு, வயிற்றெரிச்சல் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

கேம்ப் பாஸ் வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு வந்து பார்த்தார். குழந்தைகள் ஆங்கிலத்தில் குதித்தன. அந்த அம்மாள் கூண்டுக்குள் நுழைந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "நம்ம பால்கனிய விடப் பெரிசா இருக்கேங்க" என்றார். கேம்ப் பாஸ் சிரித்தார். ஒவ்வொரு நாய்க்கும் இரண்டு புதுக் கம்பளி வரவழைத்து என் கையாலேயே விரிக்கச் சொன்னார். நாங்கள் கம்பளி கேட்டுச் சலித்துப்போன விஷயம் அந்த இடத்தில் யாருக்கும் நினைவு வரவில்லை, எனக்கு மட்டும் வந்தது.

ஷமால் வந்தது. அது வடக்கு வாசல் வழியாக மரியாதையாக உள்ளே நுழைந்து, ஜன்னல் வழியாக வெளியேறியது. விடியற்காலையில் போய்ப் பார்த்தால் கூண்டுகள் காலி. நான்கு நாய்களும் குழாய் அடுக்கின் தெற்குப் பக்கம், ஒன்றின்மேல் ஒன்றாகச் சுருண்டு கிடந்தன. கம்பளிகளைத் தொட்டால் கையில் ஈரம் ஒட்டியது. நாயின் மூச்சும் கடலோரப் பனியும் சேர்ந்து, பிழிந்தால் சொட்டும் பதத்தில் இருந்தன.

அந்த வாரம் நாய்களில் ஒன்று இருமத் தொடங்கியது. செய்தி ஃபஹாஹீல் ஃபிளாட்டுக்குப் போய், கேம்ப் பாஸ் காலை டிபனைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தார். யார்டில் கால் வைத்ததுமே இருமல் கேட்டது. நின்று காதைத் தீட்டிக்கொண்டார்.

"கேக்கறியா? என்னமா இருமறது பாரு. எந்த நாய் அது?"

"அது வெல்டர் சார். ரூம்லேர்ந்து."

"ஓ" என்றார். முகத்தில் நிம்மதி தெரிந்தது. "நாய் எங்க?"

மாலையே நகரத்திலிருந்து மிருக டாக்டர் வந்து நாய்க்கு ஊசி போட்டார். அவரோடு வந்த கம்பவுண்டரை விட்டு வெல்டருக்கும் இரண்டு மாத்திரை கொடுக்கச் சொன்னார் கேம்ப் பாஸ். அவர் கெட்ட மனிதர் இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரு வரிசை வைத்திருந்தார், அவ்வளவுதான்.

வெள்ளைக்காரர் லீவிலிருந்து திரும்பியதும் நேரே கூண்டுகளைப் பார்க்கப் போனார். ஒன்றின் உள்ளே நிமிர்ந்து நின்றார். கையை இரு பக்கமும் நீட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம், "இதில் யார் குடியிருக்கிறார்கள்?" என்று கேட்டார். கேலி செய்கிறார் என்று நினைத்தேன். நிஜமாகவே கேட்டிருக்கிறார்.

பிறகு அவர் விளக்கியது சுருக்கமாக இது. கூண்டுக்குள் அடுப்பு கிடையாது. நாய்தான் அடுப்பு. தன் உடம்புச் சூட்டால் அது தன்னைச் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்கிக்கொள்கிறது. நுழைந்து, ஒருமுறை திரும்பி, சுருண்டு படுக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு இடம் போதும். அதற்கு மேல் கொடுக்கிற ஒவ்வொரு அடியும் குளிருக்குக் கொடுக்கிற இடம். வாசல் காற்றுக்கு முதுகு காட்டவேண்டும், தாழ்வாக இருக்கவேண்டும், சாக்குத் திரை தொங்கவேண்டும். தரை மண்ணில் படாமல் செங்கல்மேல் நிற்கவேண்டும். கம்பளி ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், ஆகாது. உலர்ந்த வைக்கோல் திணித்தால் நாய் அதில் தானே பள்ளம் பண்ணிக்கொள்ளும்.

கார்ப்பென்டருக்கு நான் மொழிபெயர்த்தேன். மூன்றடி, நாலடி என்றதும் அவர் முகம் செத்துவிட்டது.

"பாடைக்குக்கூட அதவிட நீளம் வேணுமே வே" என்றார்.

ஆனாலும் செய்தார். மூன்று பெரிய கூண்டுகளைப் பிரித்து நான்கு சிறியவை அடித்தார். நான்காவது பெரிய கூண்டைப் பிரிப்பதற்குள் அவரை சைட்டுக்கு இழுத்துக்கொண்டார்கள், அது அப்படியே நின்றது. புதுக் கூண்டுகளில் வைக்கோல் போட்ட மறுநாள் காலையில், சாக்கை விலக்கிக் கையை நுழைத்துப் பார்த்தேன். இட்லிப் பானையைத் திறந்த மாதிரி முகத்தில் வெதுவெதுப்பு அடித்தது. நாய் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு, கதவைச் சாத்து என்பதுபோல மறுபடி மூடிக்கொண்டது.

இருமலும் நின்றது. நாயுடையது.

இப்போது பிரித்த மரம் ஒரு குவியல் மிஞ்சியது. சமையல் கொட்டகைக்குத் தாராளமாகப் போதும். வெல்டரே எழுந்து போய் அளந்து பார்த்துவிட்டு வந்தார். அன்று ரூமில் எங்கே அடுப்பு, எங்கே பாத்திரம் என்று பெரிய விவாதம். நான் கேம்ப் பாஸிடம் போனேன். அவர் நல்ல மூடில் இருந்தார். வெள்ளைக்காரர் சொன்னது அவரை ரொம்பவே கவர்ந்திருந்தது.

"எவ்ளோ சயன்டிஃபிக்கா சொல்றான் பாத்தியா? ஒரு நாய், தன் உடம்புச் சூட்டுல ஒரு கூண்டையே சூடாக்குது. இடம் குறைய குறைய கதகதப்பு ஜாஸ்தி."

"ஆமா சார். அந்த மிச்ச மரத்துல..."

"நீங்க எட்டுப் பேர் இருக்கீங்க. அடுப்பு வேற உள்ளயே இருக்கு. அதப் போயி வெளிய தள்ளணுங்கறே. குளிர்ல செத்துடுவீங்கப்பா."

"சார், வெல்டருக்கு மூச்சு..."

"நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். வெள்ளைக்காரனே சொல்லிட்டான்."

வெள்ளைக்காரரின் வாக்கை அவரிடம் முதலில் கொண்டுபோய்ச் சேர்த்து, உதாரணத்தோடு விளக்கியவன் நான். இட்லிப் பானை உவமை உட்பட.

மரக்குவியல் சைட்டுக்கு ஷட்டரிங் பலகையாகப் போயிற்று. அடுத்த வாரம் எங்கள் அறையில் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்தார்கள். விஞ்ஞானம் வேலை செய்யத்தான் செய்தது. பத்துப் பேருக்குக் கதகதப்பு கூடவே இருந்தது. நாய்களுக்கு ஒத்துவராத கம்பளிகளும் துவைத்துக் காயவைத்து எங்களுக்கே வந்தன. ஊருக்குப் போய் எத்தனையோ வருஷம் கழித்தும் அந்த வாடை என் மூக்கை விட்டுப் போகவில்லை.

இரண்டு புது ஆட்கள் வந்த மறுநாள் மாலை, வெல்டர் தன் பாயையும் தலையணையையும் சுருட்டினார்.

"எங்கண்ணே?"

"சும்மாத்தான் கெடக்கு. பாப்பம்."

பிரிக்காமல் நின்ற அந்தப் பெரிய கூண்டுக்குப் போனார். ஜன்னலைத் தகரத்தால் அடைத்தார். வடக்கு வாசலில் பாதியைப் பலகையால் மறைத்து, மீதிக்குச் சாக்குத் தொங்கவிட்டார். வைக்கோல் பரப்பி மேலே பாய் விரித்தார். ஓர் ஆள் தாராளமாக நீட்டிப் படுக்கலாம். புகை கிடையாது. காலையில் டியூட்டிக்கு அவரை எழுப்பப் போனேன். அவர் படுத்துத் தூங்குவதை நான் முதல்முறையாகப் பார்த்தது அன்றுதான். வாயைத் திறந்து, கால்களைப் பரப்பிக்கொண்டு, முதலாளி மாதிரித் தூங்கினார்.

கேம்ப் பாஸ் கண்டுபிடிக்க நாளாகவில்லை. கம்பெனிச் சொத்து அது இது என்று ஆரம்பித்தார். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர், ராத்திரியில் ஆள் ஒருத்தர் பக்கத்தில் இருப்பது நாய்களுக்கு நல்லது என்று சொன்னார். கேம்ப் பாஸின் குரல் உடனே மாறியது.

"அதான் நானும் நினைச்சேன். இருக்கட்டும். நாய்க்குத் தண்ணி வைக்கிறது, வைக்கோல் மாத்தறது, ராத்திரி குரைச்சா எழுந்து பாக்கறது எல்லாத்தையும் இவரே பாத்துக்கட்டும்."

ஆக, பகலில் வெல்டிங் டியூட்டி, இரவில் நாய் டியூட்டி. வெல்டர் அன்றே நாய்களுக்குத் தண்ணீர் வைக்கத் தொடங்கினார். குளிர் விலகுவதற்குள் அவர் இழுப்பு பாதியாக அடங்கிவிட்டது. மெடிக்கலில் டாக்டர் மார்பில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாராம். விசா புதுப்பித்தாகிவிட்டது.

அதற்குப் பிறகு ஒருநாள் ஹெட் ஆபீஸிலிருந்து பெரிய மேனேஜர் ஒருவர் கேம்பைப் பார்வையிட வந்தார். தொழிலாளர்களை நெருக்கி அடைத்திருப்பதாக யாரோ எங்கோ புகார் சொல்லியிருந்தார்கள். கேம்ப் பாஸ் அவரை எங்கள் அறைப் பக்கமே கூட்டிவரவில்லை. நேரே கூண்டுக்கு அழைத்துப் போனார்.

"சீனியர் ஆட்களுக்குத் தனித் தங்குமிடம் சார்."

மேனேஜர் குனிந்து எட்டிப் பார்த்தார். காற்றுக்கு மறைப்பு, கீழே வைக்கோல், மேலே பாய், சுவரில் ஒரு கண்ணாடி, ஒரு முருகன் காலண்டர். வெல்டர் வெளியே கைகட்டி நின்றார். வசதியாக இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டார் மேனேஜர்.

"வெரி குட் சார்" என்றார் வெல்டர்.

மேனேஜர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார். கார் கண்ணை விட்டு மறைந்ததும் ரூமிலிருந்த அத்தனை பேரும் வெல்டரைச் சூழ்ந்துகொண்டோம்.

"ஏண்ணே, வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா கிச்சன் கெடச்சிருக்கும்ல?"

"நாய்க்கூண்டுல படுத்துக்கிட்டு வெரி குட்டாம். வெக்கமா இல்ல?"

"வே, நம்ம மானமே போச்சுல்லா" என்றார் கார்ப்பென்டர். தன் கையால் கட்டிய வீடு என்பதில் உள்ளூர அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

வெல்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நாய்த் தட்டில் தண்ணீர் ஊற்றி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"நான் என்னா பொய்யா சொன்னேன்? படுத்தா தூக்கம் வருது. மூச்சு விட்டா வருது. நல்லாருக்கான்னு கேட்டா, நல்லால்லன்னு எப்படிடா சொல்றது?"

ஒவ்வொருவராகக் கலைந்து போனோம்.

அடுத்த குளிருக்கு முன் இன்னும் சில நாய்கள் வரப்போவதாகப் பேச்சு அடிபட்டது. மேனேஜர் பார்த்துப் போன அதே வாரத்தில், எங்களில் மூன்று பேர், ஒருவருக்கு ஒருவர் தெரியாமல், தனித்தனியே கேம்ப் பாஸிடம் போய்த் தங்களுக்கும் அப்படி ஒரு கூண்டு கிடைக்குமா என்று கேட்டிருக்கிறோம். மற்ற இருவரும் தமிழில் கேட்டார்களாம். தனித் தங்குமிடம் என்று சொல்லி நான் ஆங்கிலத்தில் கேட்டேன்.